ஊர் கூடி வெட்டிய பாதை



மழைக்காலத்தில் கேமரன் மலைத் தோட்டப் பாதைகள் படும் பாட்டை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு தோட்டத்தில் லயத்து மக்கள் ஒன்றுகூடி, கோவிலுக்கும் பள்ளிக்கும் போக ஒரு பாதை வெட்டினார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஞாயிறுதோறும் கோத்தோங் ரோயோங். ஒருவர் மண்வெட்டி பிடித்தார். ஒருவர் கல் சுமந்தார். பாட்டி ஒருவர் தேநீர் போட்டுக் கொடுத்தார். கூலி கிடையாது. "யார் வேண்டுமானாலும் போகலாம்" என்று பலகையும் நட்டார்கள்.

பிறகு ஒரு காய்கறி வியாபாரியின் லாரிகள் அதே பாதையில் தினமும் ஓடின. அவருக்கு நல்ல இலாபம். அதில் குற்றமில்லை, அனுமதி கொடுத்தது நாம்தானே! ஆனால் ஒரு நாள் மண் சரிந்து பாதை அறுந்தது. இப்போது மண்வெட்டி எடுக்க வேண்டியவர் யார்?

இதே கேள்விதான் இன்று கணினி உலகத்தையும் வாட்டுகிறது.

கைப்பேசிக்குள் இருக்கும் உழைப்பு

கணினி செய்ய வேண்டிய வேலையை வரிசையாக எழுதித் தரும் கட்டளைகளுக்கு நிரல் என்று பெயர். நம்மில் பலர் வைத்திருக்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அடித்தளம் லினக்ஸ் என்னும் நிரல். 1991-ல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் அதைத் தொடங்கினார். உலகெங்கும் இருந்து பலர் சம்பளம் வாங்காமல் அதை வளர்த்தார்கள். இன்று லினக்ஸ் வேலைக்குப் பெரிய நிறுவனங்களே சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கின்றன. ஆனால் எல்லா நிரலுக்கும் அந்த யோகம் வாய்க்கவில்லை.

மண் சரிந்த நாள்

வங்கிக் கணக்கின் இரகசியச் சொல்லை நாம் தட்டும்போது, அது பிறர் கண்ணில் படாமல் பூட்டி அனுப்பும் நிரல்களில் ஒன்று ஓபன்எஸ்எஸ்எல். பெரிய பெரிய நிறுவனங்கள் அதை இலவசமாக எடுத்துப் பயன்படுத்தின. 2014 ஏப்ரலில் அந்தப் பூட்டில் ஓர் ஓட்டை இருப்பது வெளியே வந்தது. ஹார்ட்பிளீட் என்று அதற்குப் பெயரிட்டார்கள். உலகமே பதறியது!

அந்தப் பூட்டைப் பராமரித்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? முழுநேரமாக ஒரே ஒருவர். மற்றவர்கள் ஓய்வு நேரத்தில் உதவியவர்கள். ஆண்டுக்குக் கிடைத்த நன்கொடை ஏறத்தாழ 2,000 அமெரிக்க டாலர்தான். ஓட்டை தெரிந்த பிறகே கூகுள், மைக்ரோசாஃப்ட், ஃபேஸ்புக் உள்ளிட்ட நிறுவனங்கள் முன்வந்து, இத்தகைய நிரல்களைக் காக்க ஆண்டுக்கு ஒரு இலட்சம் டாலர் வீதம் மூன்று ஆண்டுகளுக்குத் தருவதாக ஒப்புக்கொண்டன.

நம் தமிழிலும் உண்டு

இது எங்கோ வெள்ளைக்காரர் நாட்டுக் கதை என்று எண்ணிவிடாதீர்கள். நிரலைப் போலவே எழுத்தும் இப்படிப் பொதுவில் வைக்கப்படுகிறது. 2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதுகிறவர்கள் ஒரு காசும் வாங்குவதில்லை. 2018-ல் கூகுள் வெளியிட்ட, பல மொழிகளைப் புரிந்துகொள்ளும் கணினி அமைப்பு, தமிழைக் கற்றது இந்தப் பக்கங்களைப் படித்துத்தான். அனுமதி உண்டு, யாரும் திருடவில்லை. பின்னர் 2021-ல் விக்கிப்பீடியாவை நடத்தும் அறக்கட்டளை, பெரிய நிறுவனங்களுக்கென்று கட்டணச் சேவை ஒன்றைத் தொடங்கியது. மறு ஆண்டே கூகுள் அதில் வாடிக்கையாளராகச் சேர்ந்தது. கேட்டால்தானே கிடைக்கும்!

உங்கள் பிள்ளைக்குச் சொல்லுங்கள்

தோட்டத்துப் பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போய்க் கணினி படிக்கும் காலம் இது. நாளை உங்கள் மகளும் ஒரு நிரல் எழுதி ஊருக்குக் கொடுக்கலாம். தடுக்காதீர்கள், அது நல்ல தர்மம். ஆனால் எந்த நிபந்தனையில் கொடுக்கிறோம் என்பதைப் படித்துப் பார்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள். "பெயரை மட்டும் குறிப்பிட்டுவிட்டு எப்படியும் பயன்படுத்தலாம்" என்று சொல்லும் உரிமம் உண்டு. "திருத்தி மற்றவருக்குக் கொடுத்தால், திருத்தியதையும் எல்லாருக்கும் திறந்து வை" என்று சொல்லும் உரிமமும் உண்டு. லினக்ஸ் இந்த இரண்டாவது வகை. கொழுந்து நிறுக்கும்போது எடையைச் சரியாகப் பதிந்தார்களா என்று பார்க்காமல் கூடையை எடுத்துக்கொண்டு நகர்வோமா? இதுவும் அப்படித்தான்.

பொதுப் பாதையில் லாரி போகட்டும். ஆனால் மண் சரிந்த அன்று லாரிக்காரரும் ஒரு மண்வெட்டியோடு வந்து நிற்க வேண்டும். வராவிட்டால், "ஏன் வரவில்லை?" என்று கேட்க, பாதை வெட்டியவர்களுக்கு முழு உரிமை உண்டு.