தமிழ் ஆவணத்தள உருவாக்கியைத் தேர்ந்தெடுத்தல்: ‘எண்ணூர்’ என்னும் சொல்வழிச் சோதனை

ஆய்வுச்சுருக்கம்

மென்பொருளின் பயனர் கையேட்டையும் நிரலாளர் குறிப்புகளையும் எளிய உரைக்கோப்புகளிலிருந்து வலைத்தளமாக ஆக்கித் தரும் கருவி ஆவணத்தள உருவாக்கி எனப்படும். தோற்றம், வேகம், புகழ் ஆகியவற்றைக் கொண்டே இக்கருவி பெரும்பாலும் தேர்ந்தெடுக்கப்படுகிறது. தமிழ்க் கையேட்டுக்கு இவ்வளவுகோல்கள் போதா என்பதையும், சொற்பிரிப்பும் தலைப்பு முகவரியும் முதலில் சோதிக்கப்பட வேண்டும் என்பதையும் ‘எண்ணூர்’ என்னும் ஊர்ப்பெயரைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஆவணத்தள உருவாக்கி, ஒருங்குறி, சொற்பிரிப்பு, தேடல், எண்ணூர்

முன்னுரை

துறைமுகமும் வேதித் தொழிற்சாலைகளும் மீனவர் குடியிருப்புகளும் நெருங்கி அமைந்த பகுதி எண்ணூர். 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் பரவியது. அதே மாதம் 26ஆம் நாள் இரவு கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்ததால் மக்கள் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். இத்தகைய பகுதிக்கெனக் காற்றுத்தர உணரியோ எச்சரிக்கைச் செயலியோ உருவாக்கப்படுமாயின், அதன் கையேட்டை நாடுவோர் ஆங்கிலம் அறிந்த நிரலாளர் மட்டும் அல்லர். நெருக்கடியில் தமிழில் தேடுபவருக்கு உரிய பக்கம் கிடைக்காவிடின், அப்பக்கம் எழுதப்பட்டும் பயனில்லை.

1. கருவிகள்

பைத்தான் மொழியின் ஆவணங்களுக்காக உருவான ஸ்பிங்க்ஸ் 2008இல் வெளிவந்தது. நிரலுக்குள் எழுதப்பட்ட விளக்கங்களையும் அது திரட்டித் தரும். 2014இல் வந்த எம்கேடாக்ஸ் மார்க்டவுன் கோப்புகளைக் கையாள்வது; கற்க எளிது. ஹ்யூகோ, டோக்குசாரஸ் ஆகியவை பன்மொழித் தளங்களுக்கு ஏற்றவை. எனினும் அவற்றில் உள்ளமைந்த தேடல் இல்லை. வெளிச்சேவையையோ கூடுதல் செருகுநிரலையோ இணைக்க வேண்டும். எனவே முதலிரண்டின் தேடலே இங்கு ஒப்பிடப்படுகிறது.

2. சொற்பிரிப்பு

தமிழ் இலக்கண நோக்கில் ‘எண்ணூர்’ எ, ண், ணூ, ர் என நான்கு எழுத்துகள் கொண்டது. ஒருங்குறியிலோ அது ஏழு குறியிடங்களாகச் சேமிக்கப்படுகிறது: எ, ண, புள்ளி, ண, ஊகாரக் குறி, ர, புள்ளி. புள்ளியையும் உயிர்க்குறிகளையும் ஒருங்குறி எழுத்து என்னாமல் ‘குறி’ என்றே வகைப்படுத்துகிறது. பைத்தானின் வழக்கமான சொல் கண்டறியும் விதி எழுத்தையும் எண்ணையும் அடிக்கோட்டையும் மட்டுமே சொல்லின் பகுதியாக ஏற்கும். ஆகவே குறி வரும் இடமெல்லாம் சொல் உடைகிறது. ‘எண்ணூர்’ என்பது ‘எண’, ‘ண’, ‘ர’ என மூன்று துண்டாகிறது.

ஸ்பிங்க்ஸின் இயல்பான தேடல் சுட்டி இவ்விதியையே பின்பற்றுகிறது. இதன் விளைவு விந்தையானது. ‘எண்’ என்பது ‘எண’ ஆகிறது. ‘தண்ணீர்’ என்பது ‘தண’, ‘ண’, ‘ர’ ஆகிறது. எனவே தண்ணீர்த் தொட்டியின் எண்ணைக் குறிப்பிடும் பக்கமும் எண்ணூருக்கான விடையாக வந்து நிற்கும். தேடல் எதையும் தவறவிடுவதில்லை. வேண்டாதவற்றையும் அள்ளி வருகிறது.

எம்கேடாக்ஸ் பயன்படுத்தும் லூனர் தேடல் நிரலின் குறை இதற்கு நேர்மாறானது. அதன் இயல்பான வடிகட்டி ஆங்கில எழுத்துகளை மட்டுமே அறியும். தமிழ்ச் சொல்லை முழுவதும் நீக்கிவிடும். லூனரின் மொழித்தொகுப்பிலுள்ள தமிழ்ப் பகுதியை இணைத்தால் சொல் முழுமையாக நிற்கும். ஆயினும் வேற்றுமை உருபு ஏறிய வடிவங்கள் சிக்கலாகவே இருக்கும். ‘எண்ணூர்’ புள்ளியில் முடிகிறது. ‘எண்ணூரில்’ என்பதில் அப்புள்ளியின் இடத்தில் இகரக்குறி உள்ளது. ஆகவே முன்னொட்டுத் தேடலிலும் முன்னது பின்னதைக் காட்டாது. இதற்குச் சொல்லடி காணும் நிரல் தேவை. 2019இல் வெளியான ஸ்நோபால் இரண்டாம் பதிப்பு முதல் தமிழுக்கும் அத்தகைய நிரல் உள்ளது.

3. தலைப்பு முகவரி

ஒரு பக்கத்தின் உட்பகுதிக்கு நேரே செல்ல உதவும் முகவரி தலைப்பிலிருந்து உருவாக்கப்படுகிறது. இரு கருவிகளும் இயல்பாக ஆங்கிலமல்லாத எழுத்துகளை நீக்கிவிட்டு, எஞ்சியது ஏதுமில்லையெனில் வரிசை எண்ணை இடுகின்றன. நடுவில் ஒரு தலைப்புச் சேர்ந்தால் பின்வரும் எண்கள் மாறும். ‘வாயுக் கசிவின்போது செய்ய வேண்டியவை’ என்ற பகுதிக்கு முன்பு பகிரப்பட்ட இணைப்பு வேறு பகுதியைத் திறக்கும். பைத்தான் மார்க்டவுனின் ஒருங்குறி முகவரி வசதியும் குறிகளை நீக்கி ‘எணணர’ என்றே தருகிறது. ஒவ்வொரு தலைப்புக்கும் நிலையான அடையாளத்தைக் கையால் இடுவதே பாதுகாப்பான வழி.

4. மொழிபெயர்ப்பும் இணையமற்ற பயன்பாடும்

மூலக் கையேடு ஆங்கிலத்தில் இருப்பின் ஸ்பிங்க்ஸ் மேலானது. அது உரையைக் கெட்டெக்ஸ்ட் கோப்புகளாகப் பிரித்துத் தருவதால், மாறிய பத்திகளை மட்டும் மீண்டும் மொழிபெயர்த்தால் போதும். தமிழ் மென்பொருள் மொழிபெயர்ப்புக் குழுக்கள் நன்கு பழகிய முறை இது. புயலால் இணையம் அற்றுப்போகும் இடங்களில் மற்றொரு வேறுபாடும் பொருட்படுத்தத்தக்கது. கணினியில் படியெடுத்து வைத்த ஸ்பிங்க்ஸ் தளத்தில் தேடல் இயங்கும். எம்கேடாக்ஸில் அதற்கு வழங்கி தேவை.

முடிவுரை

தமிழிலேயே எழுதப்படும் சிறு கையேட்டுக்குத் தமிழ்ப் பகுதி இணைத்த எம்கேடாக்ஸ் பொருந்தும். நிரல் விளக்கமும் மொழிபெயர்ப்பும் வேண்டிய திட்டத்துக்கு ஸ்பிங்க்ஸ் ஏற்றது. அதில் புதிய தேடல் மொழியைப் பதிவு செய்யும் வசதி இருப்பதால், குறிகளையும் சொல்லின் பகுதியாக ஏற்கும் தமிழ்ப் பிரிப்பானைச் சேர்க்கலாம். பக்கங்களில் தேடும் பகுதியிலும் அதே விதியை அமைத்தல் இன்றியமையாதது. எக்கருவியாயினும், முடிவெடுக்குமுன் ‘எண்ணூர்’, ‘எண்ணூரில்’, ‘தண்ணீர்’ ஆகிய சொற்கள் கொண்ட மூன்று பக்கங்களை உருவாக்கித் தேடிப் பார்த்தல் வேண்டும். சில மணித்துளிகளில் முடியும் இச்சோதனை, கையேடு முழுவதும் எழுதிய பின்னர்க் கருவியை மாற்றும் உழைப்பைத் தவிர்க்கும்.