சுண்டெலி முத்திரை

இங்கிலாந்தின் யார்க்ஷையர் பகுதியில் கில்பர்ன் என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூர்த் தச்சர் ஒருவரின் மகனாக 1876-இல் பிறந்தவர் ராபர்ட் தாம்ப்ஸன். இயந்திரத் தொழில் பயில வெளியூர் அனுப்பப்பட்டார். அதில் மனம் ஒட்டவில்லை. ரிப்பன் பேராலயத்தின் பழைய மரச் சிற்பங்களில் உள்ளத்தைப் பறிகொடுத்தவர், ஊர் திரும்பித் தந்தையின் பட்டறையில் அமர்ந்தார்.

ஓக் மரத்தை இயற்கையாக உலரவிட்டு, வாய்ச்சியால் செதுக்கும் பழைய முறையையே அவர் கைக்கொண்டார். 1919-இல் ஆம்பிள்போர்த் மடத்துத் துறவி ஒருவர் மரச் சிலுவை செய்து தருமாறு கேட்டார். அதன்பின் ஆலய வேலைகள் பெருகின. யார்க் பேராலயத்திலும் அவர் கைவேலை உண்டு.

ஓர் ஆலயத்தில் வேலை செய்கையில், தாங்கள் கோயில் எலிகளைப்போல் ஏழைகள் என உடனிருந்த தொழிலாளி கூறினாராம். தாம்ப்ஸன் அங்கேயே ஒரு சுண்டெலியைச் செதுக்கினார். வறுமையைச் சுட்டிய சொல்லே அவரது முத்திரையாயிற்று!

1955-இல் அவர் மறைந்தார். ஊர் ஆலயத்தில் அவர் நினைவாக ஒரு சிற்றறை அமைந்துள்ளது. பட்டறையை இன்றும் அவர் வழித்தோன்றல்களே நடத்துகின்றனர், சுண்டெலியும் தொடர்கிறது. அங்குப் பயின்றோர் சிலர் தனியே தொழில் தொடங்கியபோது, வேறு பிராணிகளைத் தம் முத்திரையாகக் கொண்டனர். பிறர் முத்திரையைத் திருடவில்லை.

அங்கத்தினர்களே! சங்க முத்திரையும் இத்தகையதே. இழை குறைந்த ஒரு துணிக்கோ, ஈரப் பருத்தி கலந்த ஒரு மூட்டைக்கோ அதை இட்டுவிட்டால், நேர்மையாய் உழைத்த நூறு பேரின் நற்பெயரும் கெடும். முத்திரை வேலையைக் காக்காது. வேலைதான் முத்திரையைக் காக்கும்.