ஒரே எண் மீது ஐந்து புகார்

"சார், கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டுல இருந்து பத்தே நிமிஷம். சிஎம்டிஏ அப்ரூவ்டு பிளாட். ஃப்ரீ சைட் விசிட், வீட்டு வாசலுக்கே கார் அனுப்புறோம்."

வண்டலூர், ஊரப்பாக்கம், மண்ணிவாக்கம், கூடுவாஞ்சேரி பக்கம் குடியிருப்பவர்களுக்கு இந்த வசனம் மனப்பாடம். ஜி.எஸ்.டி. சாலை, வாலாஜாபாத் சாலை, மீஞ்சூர் வரை போகும் வெளிவட்டச் சாலை எல்லாம் கூடும் இடம் இது. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையமும் திறந்தது. மனை விற்பவர்களுக்குச் சொல்லிக்கொள்ள இதற்குமேல் என்ன வேண்டும்? இரவுப் பணி முடித்துத் தூங்குபவர், வகுப்பெடுக்கும் ஆசிரியர், மருத்துவமனையில் இருந்து தகவலுக்குக் காத்திருப்பவர் என்று எல்லாருடைய போனும் அடிக்கிறது. அவசர அழைப்போ என்று பதறி எடுத்தால் மனை வியாபாரம்.

பெரும்பாலோர் செய்வது இரண்டுதான்: இணைப்பைத் துண்டிப்பது, எண்ணை பிளாக் செய்வது. மறுநாள் அதே ஆள் வேறு எண்ணில் கூப்பிடுவார். பிளாக் செய்தால் உங்கள் போன் மட்டும் அந்த ஒரு எண்ணிலிருந்து தப்பும். அடுத்த வீட்டுக்கும் மாடி வீட்டுக்கும் அதே எண் தொடர்ந்து அழைத்துக்கொண்டிருக்கும். அந்த எண்ணையே முடக்கும் வழி சட்டத்தில் இருக்கிறது. அதைப் பயன்படுத்துபவர்கள்தான் குறைவு.

விளம்பர அழைப்பு வேண்டாம் என்பவர்களுக்கான தேசியப் பதிவேடு 2007-இலேயே வந்துவிட்டது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018-இல் விதிகளை முழுமையாக மாற்றி எழுதியது. 2025 பிப்ரவரியில் செய்த திருத்தம்தான் நமக்கு மிகவும் பயனுள்ளது. சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து விளம்பர அழைப்பு செய்வதே விதிமீறல். விளம்பரத்துக்கென்று 140-இல் தொடங்கும் எண்கள் தனியாக இருக்கின்றன. முன்பு ஒரு எண் மீது ஏழு நாளுக்குள் 10 புகார் சேர்ந்தால்தான் நடவடிக்கை தொடங்கும். இப்போது பத்து நாளுக்குள் 5 புகார் போதும். நடவடிக்கைக்கு முன்பிருந்த 30 நாள் அவகாசமும் 5 நாளாகக் குறைந்துவிட்டது. பதிவு செய்யாமல் விளம்பர அழைப்பு செய்பவர் முதல்முறை சிக்கினால் அவருடைய இணைப்புகளிலிருந்து 15 நாள் வெளியே பேச முடியாது. மீண்டும் சிக்கினால் எல்லா இணைப்புகளும் ஓராண்டுக்குத் துண்டிக்கப்படும். எல்லா தொலைபேசி நிறுவனங்களும் அவரைக் கறுப்புப் பட்டியலில் வைக்கும். புகார் எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டும் தொலைபேசி நிறுவனத்துக்கே 2 லட்சம், 5 லட்சம், 10 லட்சம் ரூபாய் என்று அபராதம் ஏறிக்கொண்டே போகும்.

ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் எத்தனை வீடுகள் இருக்கின்றன? மனை விற்பவர் கையில் இருக்கும் பட்டியல் பெரும்பாலும் ஏரியா வாரியானது. உங்களுக்கு வந்த அழைப்பு பக்கத்து வீட்டுக்கும் வந்திருக்கும். ஐந்து வீட்டுக்காரர்கள் தனித்தனியாக ஆளுக்கொரு புகார் அனுப்பினால் அந்த எண் நடவடிக்கை வளையத்துக்குள் வந்துவிடுகிறது. குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் தண்ணீர் லாரிக் கணக்கைப் பகிர்வதுபோல, "இந்த எண்ணிலிருந்து இன்று அழைப்பு வந்தது, வந்தவர்கள் 1909-க்குப் புகார் அனுப்புங்கள்" என்று ஒரு வரி போட்டால் போதும்.

முதலில் உங்கள் எண்ணைப் பதிவு செய்யுங்கள். ஆங்கிலத்தில் 'ஸ்டார்ட்' என்று எழுதி, ஓர் இடம் விட்டு 0 போட்டு 1909-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் எல்லா விளம்பரங்களுக்கும் தடை கேட்டதாகும். கட்டணம் கிடையாது. வங்கி ஓடிபி, ரயில் டிக்கெட் போன்ற சேவைத் தகவல்கள் வழக்கம்போல வரும். ரியல் எஸ்டேட் மட்டும் வேண்டாம், மற்றவை வரட்டும் என்பவர்களும் உண்டு. அவர்கள் டிராயின் டிஎன்டி (தொந்தரவு செய்யாதீர்) செயலியில் அந்தப் பிரிவை மட்டும் தடுக்கலாம். இதற்குப் பிறகும் அழைப்பு வந்தால் ஏழு நாளுக்குள், என்ன சொன்னார்கள் என்ற சுருக்கம், அழைத்த எண், தேதி மூன்றையும் எழுதி அதே 1909-க்கு அனுப்புங்கள். செயலி வழியாகவும் புகார் செய்யலாம். டிஎன்டி-யில் பதிவு செய்யாதவர்களும் புகார் தரலாம் என்பது 2025 திருத்தம் தந்த உரிமை. ஆகவே, "நான் பதிவு செய்யவில்லையே" என்று ஒதுங்கத் தேவையில்லை.

அழைப்பவரைத் திட்டுவதில் பலனில்லை. அந்த முனையில் பேசுவது பெரும்பாலும் கல்லூரி முடித்து முதல் வேலையில் சேர்ந்த பிள்ளைகள். கோபப்படுவதற்குப் பதிலாக நிறுவனத்தின் பெயர் என்ன, மனை எங்கே இருக்கிறது, ரெரா எண் என்ன என்று நிதானமாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

ரெரா எண்ணைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016-இன்படி 500 சதுர மீட்டருக்கோ எட்டு அடுக்குமாடி வீடுகளுக்கோ மேற்பட்ட திட்டத்தைப் பதிவு செய்யாமல் விளம்பரம் செய்யவே கூடாது. மீறினால் திட்டத்தின் மதிப்பீட்டுச் செலவில் 10 சதவீதம் வரை அபராதம். விற்றுத்தரும் ஏஜென்டும் பதிவு செய்தவராக இருக்க வேண்டும். எண் சொல்லத் தயங்கினால் அங்கேயே பேச்சை முடித்துவிடலாம். தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்திடம் புகாரும் செய்யலாம். எண் சொன்னால் ஆணையத்தின் இணையதளத்தில் சரிபாருங்கள். செய்தித்தாளுக்குள் மடித்து வரும் நோட்டீஸுக்கும், கேட்டில் செருகிவிட்டுப் போகும் துண்டறிக்கைக்கும் இதே கேள்விதான். 'அப்ரூவ்டு' என்ற வாய்ச்சொல்லை நம்பி அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, அங்கீகாரமில்லாத மனை என்று பதிவு அலுவலகம் திருப்பி அனுப்பும்போதுதான் பலருக்கு விஷயம் தெரிகிறது. இரைச்சலான அழைப்புகளின் பின்னால் இருக்கும் பெரிய இழப்பு இதுதான்.

நம் எண் அவர்களுக்கு எப்படிப் போகிறது? ஜவுளிக்கடை பில் கவுன்டரில், வணிக வளாகத்தின் பரிசுக் கூப்பன் பெட்டியில், வீடு வாடகைக்குத் தேடிய இணையதளத்தில் நாமே கொடுத்ததுதான் நிறைய. பொருள் வாங்க மொபைல் எண்ணைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதம் சில்லறை விற்பனையாளர்களுக்கு அறிவுறுத்தியது. அதனால் கவுன்டரில் "நம்பர் வேண்டாம், பில் மட்டும் கொடுங்க" என்று தயங்காமல் சொல்லுங்கள். டிராய் விதிப்படி, நடந்துகொண்டிருக்கும் ஒரு பரிவர்த்தனையை முடிக்கத் தந்த சம்மதம் 7 நாளுக்குத்தான் செல்லும். என்றைக்கோ விசாரித்ததைக் காட்டி இன்றைக்கு அழைப்பது செல்லாது. ஒருமுறை சம்மதத்தைத் திரும்பப் பெற்றுவிட்டால் 90 நாள் வரை மறுபடி சம்மதம் கேட்கவும் கூடாது.

ஓட்டையும் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் வரும் விளம்பரங்கள் 1909 வளையத்துக்குள் வருவதில்லை. அங்கே ரிப்போர்ட் செய்து பிளாக் செய்வதே வழி. 2023-இல் வந்த மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இங்கே ஓரளவு துணைக்கு வரும் என்று நம்புகிறேன். அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாதம் அவகாசம் தந்திருக்கிறார்கள். அந்த அவகாசம் மிக நீளமானது என்பது என் கருத்து. எண்களைக் கைமாற்றி விற்பவர்கள் இத்தனை நாள் காத்திருக்கப்போவதில்லை.

விளம்பர அழைப்பையும் மோசடி அழைப்பையும் பிரித்தறிய வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். எஸ்எம்எஸ் அனுப்பியவர் பெயரின் கடைசியில் ஆங்கில 'பி' இருந்தால் விளம்பரம், 'எஸ்' சேவை, 'டி' பரிவர்த்தனை, 'ஜி' அரசு. வங்கிகளின் சேவை அழைப்புகளுக்கு 1600-இல் தொடங்கும் எண்களை ஒதுக்கியிருக்கிறார்கள். "டிராயிலிருந்து பேசுகிறோம், இரண்டு மணி நேரத்தில் உங்கள் சிம் முடங்கும்" என்று யாராவது மிரட்டினால் அது மோசடி. டிராய் அப்படி யாரையும் அழைப்பதில்லை. இத்தகைய அழைப்புகளை அரசின் சஞ்சார் சாத்தி தளத்தின் சக்ஷு பகுதியில் தெரிவிக்கலாம். பணம் போய்விட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

வண்டலூர் வட்டாரக் குடியிருப்போர் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த மாதாந்திரக் கூட்டத்தில் பத்து நிமிடம் ஒதுக்கி, வந்திருப்பவர்கள் எல்லாரையும் அங்கேயே 1909-க்கு எஸ்எம்எஸ் அனுப்பச் சொல்லுங்கள். போனை இயக்கத் தடுமாறும் முதியவர்களுக்குப் பிள்ளைகளைக் கொண்டு செய்துகொடுங்கள். அதற்குப் பிறகு வரும் அழைப்புகளுக்குப் புகார் அனுப்ப ஒவ்வொருவருக்கும் இருப்பது ஏழு நாள்.