லைற் எரியுது, பிளக்கில கரண்ட் இல்லை

ஆடி, ஆவணி மாதங்களில் புத்தூர், ஆவரங்கால், சிறுப்பிட்டிப் பக்கம் ஆண்டு முழுக்கப் பூட்டிக் கிடந்த வீடுகள் பல திறக்கப்படுகின்றன. நல்லூர்த் திருவிழாவுக்கும் ஊர்க்கோயில் கொடியேற்றத்துக்கும் என்று பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து வருவார்கள். கூட்டிக் கழுவி மெயின் சுவிச்சைப் போட்டவுடன் லைற் எரியும், ஃபான் சுற்றும். குசினியில் கேத்திலைச் செருகினால் மட்டும் தண்ணீர் சூடாகாது. "லைற் எரியுது, பிளக்கில கரண்ட் இல்லை. மின்சார சபைக்குச் சொல்லட்டோ?" என்றுதான் முதலில் கேட்பார்கள்.

சொல்லத் தேவையில்லை. லைற் எரிகிறது என்றால் சபையின் கம்பியில் வரும் மின்சாரம் மீற்றரைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. குறை வீட்டுக்குள் இருக்கிறது. மூன்று பேஸ் இணைப்புள்ள வீடு மட்டும் விலக்கு. அங்கே வெளிக்கம்பியில் ஒரு பேஸ் போனாலும் வீட்டின் ஒரு பகுதி மட்டும் செத்துக் கிடக்கும். அப்படிப்பட்ட வீட்டிலும், அயல் முழுக்க இருண்டு கிடக்கும்போதும், சபையின் 1987 இலக்கத்துக்கு எடுக்கலாம். மற்ற நேரங்களில் நாங்களே கொஞ்சம் தேடிப் பார்க்க வேண்டும்.

தேடுவது என்றால் பிளக் பொயின்ற்றைக் கழற்றுவதல்ல. பெரும்பாலானோர் அங்கேதான் ஸ்குரூ டிரைவரை வைக்கிறார்கள். தோட்டத்துக்குத் தண்ணீர் மாறுகிறவர் கடைசிப் பாத்தி காய்ந்திருந்தால் அந்தப் பாத்தியைக் கிண்டிப் பார்ப்பதில்லை, வாய்க்காலைப் பிடித்துக்கொண்டு மேலே நடந்து எங்கே உடைத்திருக்கிறது என்று பார்க்கிறார். மின்சாரத்துக்கும் அதுதான் வழி. செத்த பிளக்கிலிருந்து பிறேக்கர் பெட்டியை நோக்கிப் பின்னால் போக வேண்டும்.

பெட்டிக்குப் போவதற்கு முன் ஒன்றை உறுதிசெய்யுங்கள். கேத்தில் வேலை செய்யாதது பிளக் பொயின்ற்றின் குற்றம்தானா? சதுர முள் உள்ள 13 அம்பியர் பிளக்குக்குள் ஒரு சின்ன ஃபியூஸ் இருக்கிறது. அது எரிந்திருந்தால் பொயின்ற் உயிரோடு இருந்தும் கேத்தில் இயங்காது. நன்றாக வேலை செய்கிறது என்று தெரிந்த ஒரு மேசை லைற்றை அதே பொயின்ற்றில் செருகிப் பாருங்கள். எரிந்தால் கேத்திலின் ஃபியூஸையோ வயரையோ பார்க்க வேண்டும். எரியாவிட்டால் அதே லைற்றை வீட்டிலுள்ள மற்றப் பொயின்ற்றுகளில் ஒவ்வொன்றாகச் செருகி, எவை உயிரோடு இருக்கின்றன, எவை செத்திருக்கின்றன என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பாதி வேலை அந்தத் தாளிலேயே முடிந்துவிடும்.

எல்லாப் பிளக்குகளும் செத்து லைற்றுகள் மட்டும் எரிந்தால், பெரும்பாலும் பிளக்குகளுக்கான பிறேக்கர் விழுந்திருக்கிறது. லைற்றுக்கும் பிளக்குக்கும் பெட்டியிலிருந்து தனித்தனி வழி போகிறது. லைற் வழிக்குச் சிறிய பிறேக்கர், பிளக் வழிக்கு 20 அல்லது 32 அம்பியர் பிறேக்கர் என்பது வழமை. விழுந்த பிறேக்கரின் பிடி சில வேளை முழுதாகக் கீழே வராமல் நடுவில் நிற்கும், பார்த்தால் மேலே இருப்பதுபோலவே தெரியும். எல்லாவற்றையும் நன்றாகக் கீழே அழுத்தி, பிறகு மேலே தள்ளிப் பார்க்க வேண்டும்.

ஒரு பொயின்ற் மட்டும் செத்திருந்தால் பெரும்பாலும் அதற்குள்தான் குறை. எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு வழக்கமான காரணம் உண்டு. சதுர முள் பொயின்ற்றின் மேல் துளைக்குள் பேனாவையோ ஈர்க்கையோ குத்தி மூடியைத் திறந்து, இரண்டு உருண்டை முள் உள்ள பிளக்கைக் கீழே திணிப்பது. அந்த மூடி குழந்தைகள் எதையும் உள்ளே குத்தாமல் இருக்க வைத்தது. திணிக்கத் திணிக்க உள்ளேயிருக்கும் பித்தளைப் பிடி விரிந்து தளர்கிறது, தளர்ந்த இடம் சூடாகிக் கருகுகிறது. பொயின்ற்றின் முகம் மஞ்சளித்திருந்தாலோ கருகிய மணம் வந்தாலோ, அதை மாற்றும்வரை தொடாமல் விடுங்கள். பூட்டிக் கிடந்த வீட்டில் எறும்பும் பல்லியும் உள்ளே குடியிருந்து கெடுப்பதும் நடக்கிறதுதான்.

சில பொயின்ற்றுகள் உயிரோடும் அவற்றுக்கு அப்பால் இருப்பவை செத்தும் இருந்தால், உயிரோடிருக்கும் கடைசிப் பொயின்ற்றிலோ செத்திருக்கும் முதற் பொயின்ற்றிலோ ஒரு வயர் கழன்றிருக்கிறது. ஒன்றிலிருந்து மற்றதற்கு வயர் தொடராகப் போவதால் இப்படி வருகிறது. கழன்றது லைவ் என்றால் டெஸ்ரர் எரியாது, யாருக்கும் விளங்கும். நியூற்றல் கழன்றால்தான் குழப்பம். டெஸ்ரர் பளிச்சென்று எரியும், ஒரு பொருளும் வேலை செய்யாது. அந்த வழியில் ஏதாவது ஒரு பொருள் செருகி சுவிச் போட்டபடி இருந்தால் இரண்டு துளைகளிலும் டெஸ்ரர் எரியும். இதைக் கண்டால் மெயினை நிறுத்திவிட்டு வயர்மேனைக் கூப்பிடுங்கள். நியூற்றல்தானே என்று அந்த வயரைக் கையால் பிடிப்பவருக்கு 230 வோல்ற்றும் அடிக்கும்.

இனி றிப் சுவிச். கொஞ்சம் ஆறுதலாகச் சொல்ல வேண்டிய விடயம் இது. ஏனென்றால் ஊரில் அதிகம் திட்டு வாங்குவது இதுதான், உயிரைக் காப்பதும் இதுதான்.

பிறேக்கர் பார்ப்பது வயர் தாங்குமா என்பதை. றிப் சுவிச் பார்ப்பது வேறொன்றை. லைவ் வழியாக எவ்வளவு போகிறதோ அவ்வளவும் நியூற்றல் வழியாகத் திரும்பி வர வேண்டும். 30 மில்லி அம்பியர் அளவுக்குக் குறைந்தால், அது எங்கோ வேறு வழியால் நிலத்துக்குப் போகிறது என்று பொருள். ஈரச்சுவர், மோட்டரின் இரும்புக் கூடு, ஒரு மனிதரின் உடம்பு, எதுவாகவும் இருக்கலாம். கண்மூடித் திறப்பதற்குள் றிப் சுவிச் விழுந்துவிடும். வழமையாக அது வீடு முழுவதற்கும் ஒன்றாக இருப்பதால், விழுந்தால் லைற்றும் சேர்ந்து போகும்.

எங்கள் மண்ணில் இதற்கு இன்னொரு முக்கியம் உண்டு. இலங்கையில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஏர்த் என்பது அந்த வீட்டு வளவுக்குள் அடித்த கம்பிதான். புத்தூர் வழியே நிலாவரைக் கிணற்றைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். பல வளவுகளில் கம்பி கொஞ்ச ஆழத்திலேயே பாறையில் தட்டிவிடும். ஆடி, ஆவணியில் மேல்மண் காய்ந்து கிடக்கும்போது அந்தக் கம்பி மின்சாரத்தை நிலத்துக்கு விடத் திணறும். அதன் தடை 50 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ற்றை 50 ஆல் பிரித்தால் 4.6 அம்பியர். மோட்டரின் கூட்டில் லைவ் வயர் முட்டினாலும் நிலத்துக்குப் போவது அதற்கு மேல் இல்லை. 20 அம்பியர் பிறேக்கர் அதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. கூடு உயிரோடு நிற்கும், தண்ணீர் இறைக்கப் போகிறவர் அதைத் தொடுவார். 30 மில்லி அம்பியருக்கு விழும் றிப் சுவிச் ஒன்றுதான் அங்கே காவல்.

ஆகவே "சும்மா சும்மா விழுது" என்று அதைக் கழற்றி வயரை நேரே கொடுப்பது, இருக்கிற ஒரே காவலையும் எடுத்துவிடுவது. அப்படிச் செய்து தருகிறேன் என்று வருகிறவரை வீட்டுக்குள் விடாதீர்கள். றிப் சுவிச்சே பழுதாகி விழுவதும் உண்டு. அப்போது செய்ய வேண்டியது புதிதாக ஒன்றைப் பூட்டுவது.

ஏன் விழுகிறது என்று கண்டுபிடிப்பதற்கு ஒழுங்கு ஒன்று இருக்கிறது. வீட்டிலுள்ள எல்லாப் பிளக்குகளையும் கழற்றுங்கள். பொயின்ற்றிலுள்ள சுவிச்சை நிறுத்தினால் போதாது, பிளக்கையே இழுத்து எடுக்க வேண்டும். அந்தச் சுவிச் பெரும்பாலும் லைவ்வை மட்டும்தான் வெட்டும், நியூற்றல் தொடுத்தபடியே இருக்கும், நியூற்றல் வழியாக வரும் கசிவும் றிப் சுவிச்சை விழுத்தும். பிறகு பிறேக்கர்களை எல்லாம் கீழே போட்டுவிட்டு றிப் சுவிச்சை மேலே தள்ளுங்கள். நின்றால் பிறேக்கர்களை ஒவ்வொன்றாகப் போடுங்கள். எதைப் போட விழுகிறதோ அந்த வழியின் வயரிங்கில் குறை. எல்லாம் போட்டும் நிற்கிறது என்றால் வயரிங் பெரும்பாலும் சரி, செருகும் பொருட்களில் ஏதோ ஒன்று கசிகிறது. ஒவ்வொன்றாகச் செருகி சுவிச் போட்டுப் பார்த்தால் அது தன்னைக் காட்டிக் கொடுத்துவிடும். பிறேக்கர்கள் எல்லாம் கீழே இருந்தும் றிப் சுவிச் நிற்க மறுத்தால், எங்கோ நியூற்றலும் ஏர்த்தும் முட்டுகின்றன, அல்லது றிப் சுவிச்சே பழுது. அதற்கு மேல் நீங்கள் போக வேண்டாம். அது மெகர் என்ற மீற்றரை வைத்து அளக்கத் தெரிந்தவரின் வேலை.

பொருட்களில் முதற் சந்தேகம் கிணற்று மோட்டர் மேல் விழ வேண்டும். வீட்டிலிருந்து கிணற்றடிக்கு மண்ணில் கிடந்து போகும் வயர், அதன் நடுவில் ரேப் சுற்றிய மூட்டு, அணில் கடித்த தோல், மழையில் நனைந்த பொயின்ற். ஐப்பசி, கார்த்திகையில் றிப் சுவிச் விழத் தொடங்கி, வெயில் வந்ததும் தானாகச் சரியாகும் வீடுகளில் குறை பெரும்பாலும் இந்தப் பாதையில்தான் இருக்கும். வெயில் குறையைத் திருத்துவதில்லை, அடுத்த மழை வரைக்கும் மறைக்கிறது, அவ்வளவுதான். இரண்டாவது சந்தேகம், நெடுநாள் பாவிக்காத கேத்தில், ரைஸ் குக்கர், அயன், வோட்டர் ஹீற்றர். சூடாக்கும் கம்பியைச் சுற்றியிருக்கும் காப்புத் தூள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஓராண்டு அலுமாரிக்குள் இருந்த கேத்தில் றிப் சுவிச்சை விழுத்துவதற்கு இதுவே போதும்.

பழைய வீடுகள் தனிக் கதை. 1990 இல் குடாநாடு தேசிய மின்வழங்கலிலிருந்து துண்டிக்கப்பட்டது. கிளிநொச்சியிலிருந்து சுன்னாகத்துக்கு உயர் அழுத்த வழி வந்து அது திரும்பவும் இணைந்தது 2013 இல். இடைப்பட்ட காலத்தில் ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்கள் பலர் இன்று ஐம்பதை நெருங்குகிறார்கள். அவர்களுடைய தகப்பன்மார் கட்டிய வீடுகளில் ஏர்த் வயரே இல்லாத இரண்டு வயர் இணைப்பும், பீங்கான் ஃபியூஸும், உருண்டை முள் பொயின்ற்றும் இன்னும் இருக்கின்றன. அதன்மேல் புதிய சதுர முள் பொயின்ற்றைப் பூட்டினால் பார்வைக்கு மூன்று துளை இருக்கும், ஏர்த் துளைக்குப் பின்னால் ஒன்றும் இராது. இப்படிப்பட்ட வீட்டில் ஒரு பிளக் செத்தால் அந்த ஒன்றைத் திருத்தச் சொல்லாதீர்கள். வயரிங் முழுவதையும் பார்க்கச் சொல்லுங்கள். செலவுதான், ஆனாலும் வீட்டுக்கு நிறம் பூசும் செலவுக்கு முன்னால் வர வேண்டியது இது.

வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் இதே குழப்பத்தை அங்கேயும் கண்டிருப்பார்கள். கனடாவில் கோடை விடுமுறைக்கு மோட்டர்ஹோம் வாடகைக்கு எடுத்தால், உள்ளே லைற் எரியும், பிளக்கில் ஒன்றும் வராது. அங்கே லைற்றுக்கு 12 வோல்ற் பற்றறி, பிளக்குக்குக் காம்பிங் இடத்துத் தூணிலிருந்து வரும் 120 வோல்ற், இரண்டும் வேறுவேறு. தூணிலுள்ள பிறேக்கரை முதலில் பார்க்க வேண்டும். அது சரியென்றால் குளியலறையிலோ குசினியிலோ சின்னப் பொத்தான்கள் உள்ள ஒரு பொயின்ற்றைத் தேட வேண்டும். எங்கள் றிப் சுவிச் செய்யும் வேலையை அது சுமார் 5 மில்லி அம்பியரிலேயே செய்கிறது. அதற்குப் பின்னால் தொடராகப் பல பொயின்ற்றுகள் இருப்பதால், குளியலறைப் பொத்தான் விழுந்தால் வெளிப்பக்கப் பிளக்கும் செத்துவிடும். இங்கிலாந்தில் கரவன் என்றால் 230 வோல்ற், நீல நிற 16 அம்பியர் இணைப்பு, உள்ளே எங்களுடையதுபோல 30 மில்லி அம்பியர் றிப் சுவிச். நாடு மாறினாலும் தேடும் முறை மாறுவதில்லை.

றிப் சுவிச்சில் 'ரி' என்ற ஆங்கில எழுத்துப் போட்ட ஒரு பொத்தான் இருக்கும். சில மாதங்களுக்கு ஒருமுறை அதை அழுத்திப் பாருங்கள், விழ வேண்டும். விழாவிட்டால் அன்றைக்கே மாற்ற வேண்டும். ஆனால் அந்தப் பொத்தான் சுவிச்சின் உள்வேலையை மட்டும்தான் சோதிக்கிறது, வளவிலுள்ள ஏர்த் கம்பியைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. வயர்மேன் வரும்போது ஏர்த் தடையை மீற்றர் வைத்து அளந்து, எத்தனை ஓம் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். கோடையில் அளப்பது நல்லது, மோசமான நிலை அப்போதுதான் தெரியும். தடை அதிகமென்றால் கிணற்றடி வாழைப்பக்கம் போல ஈரம் நிற்கும் இடமாகப் பார்த்து இன்னொரு கம்பி இறக்கி, இரண்டையும் இணைக்கலாம்.

விடுமுறை முடிந்து வீட்டைப் பூட்டும்போது பிளக்குகளைக் கழற்றிவிட்டுப் போங்கள். ஐப்பசி, கார்த்திகை இடிமின்னலுக்கு அதுவே பெரிய பாதுகாப்பு. மோட்டருக்கும் வாசல் லைற்றுக்கும் தேவையான பிறேக்கர்களை மட்டும் மேலே விட்டு, மற்றவற்றைக் கீழே போடுங்கள். ஒவ்வொரு பிறேக்கருக்கும் நேரே அது எந்த அறைக்கு, எதற்கு என்று அழியாத பேனாவால் எழுதுங்கள். திறப்பு வைத்திருக்கும் உறவினரைக் கூட்டிவந்து றிப் சுவிச் எது, பிறேக்கர் எது என்று காட்டிக் கொடுங்கள். நம்பிக்கையான வயர்மேனின் தொலைபேசி இலக்கத்தையும் அந்தப் பெட்டி மூடியின் உட்பக்கத்திலேயே ஒட்டிவிடுங்கள்.