வெட்ட வெட்டப் பெருகும் கோட்டை

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவே இருக்கிறது திருமுல்லைவாயில். அங்குள்ள மாசிலாமணீசுவரர் கோயிலில் நந்தி சிவனுக்கு முதுகைக் காட்டி, வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். புழல் கோட்டைக் குறும்பர்களை எதிர்க்க, அரசன் தொண்டைமானுக்குத் துணையாகப் புறப்பட்ட கோலம் என்கிறது தலபுராணம். அதற்கு முன்பு, தோற்றுத் திரும்பும் வழியில், அரசனின் யானைக் காலை முல்லைக்கொடி சுற்றிக்கொண்டதாம். வாளை எடுத்து வெட்டினால், புதருக்குள் மறைந்திருந்த லிங்கத்தின் மேல் வெட்டு விழுந்ததாம்.

பக்தி ஒருபுறம் இருக்கட்டும். யானை நான்கு டன், அதாவது ஐந்து மாருதி கார்களின் எடை. அதை ஒரு கொடி நிறுத்துமா? ஒற்றைக் கொடியால் முடியாது, புதரால் முடியும். யானைக்குக் குதிக்கத் தெரியாது. என்ன வேகத்தில் ஓடினாலும் ஒரு காலாவது தரையில் இருந்தே தீரும். எதிரே கிடப்பதைத் தாண்ட வழியில்லை, மிதித்துத்தான் போக வேண்டும். மிதிக்கும் பாதத்துக்குள்ளோ கொழுப்பும் நாரும் சேர்ந்த மெத்தை. முள் ஏறினால் நொண்டும்.

இந்தக் கணக்கு பழைய கோட்டைகளில் தெரிகிறது. மதில், அகழி என்பவற்றோடு காவற்காடு ஒன்றும் உண்டு. சங்கப் பாடல்கள் அதை மிளை என்கின்றன. வள்ளுவரும் அரணுக்கு வேண்டியவற்றை அடுக்கும்போது நீர், நிலம், மலையோடு காட்டையும் சேர்க்கிறார். சிலப்பதிகாரத்தில் மதுரை மதில்மேல் இருக்கும் பொறிகளைப் படித்தால் மலைப்பாக இருக்கும். தானே வளைந்து எய்யும் வில், கல்லை உமிழும் கவண், கொதிக்கும் நெய், மதிலைப் பற்றுகிறவன் கையைக் குத்தும் ஊசிகள், குரங்கு உருவில் ஒரு இயந்திரம். அம்புலிமாமா மந்திரவாதிகூட ஒளிந்திருக்கும் குகைக்கு இத்தனை ஏற்பாடு செய்ததில்லை. ஆனால் பொறிக்கு ஆள் வேண்டும், நெய்க்கு விறகு வேண்டும். காவற்காட்டுக்கு மழை போதும்.

இலந்தைக் கிளை ஒன்றை அருகில் வைத்துப் பாருங்கள். கணுவுக்குக் கணு இரண்டு முள். ஒன்று நேராக நீட்டியிருக்கும். மற்றொன்று கொக்கியாக வளைந்திருக்கும். முன்னே போனால் நேர்முள் குத்தும், பின்வாங்கினால் கொக்கி இழுத்துப் பிடிக்கும். சூரைக்கொடி கொக்கிகளை மட்டுமே நம்பி, பக்கத்து மரங்களைப் பற்றி ஏறி, எல்லாவற்றையும் ஒரே வலையாகப் பின்னிவிடும். தரையில் நெருஞ்சி. அதன் காய் எப்படிப் புரண்டு விழுந்தாலும் ஒரு முள்ளாவது மேலே பார்த்து நிற்கும். சைக்கிள் டியூப் பஞ்சர் ஆனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குதிரைப்படையையும் யானைப்படையையும் தடுக்க உலகமெங்கும் படைகள் தூவிய நான்முனை இரும்பு முள்ளுக்கும் இதே வடிவக்கணக்குதான்.

முள்ளில்லாத செடிக்கு விஷம். திருமுல்லைவாயில் கோயிலில் இரண்டு வெள்ளெருக்குத் தூண்கள் உண்டு. குறும்பர் கோட்டையிலிருந்து கொண்டுவந்தவை என்பது ஐதீகம். எருக்கம்பாலில் இருப்பது இதயத்துடிப்பையே குலைக்கும் நஞ்சு. ஆனாலும் வெந்தய வரியன் என்கிற வண்ணத்துப்பூச்சியின் புழு அந்த இலையைத்தான் தின்று வளரும். விஷத்தை உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்ளும். கொத்த வரும் பறவை ஒருமுறை பட்டபின் அந்தப் பக்கம் வராது.

இனி வருவதுதான் எனக்குப் பிடித்த மாயம். ஒவ்வொரு கிளையின் நுனி மொட்டும் ஆக்ஸின் என்ற ஹார்மோனைக் கீழே அனுப்பிக்கொண்டே இருக்கிறது. பக்க மொட்டுகள் தலையெடுக்காமல் உறங்க அதுவே காரணம். தாவரவியலில் இதற்கு நுனி ஆதிக்கம் என்று பெயர். தலைமை இருக்கும்வரை மற்றவை அடங்கியிருக்கும் என்று பொருள். நுனியை வெட்டினால் தடை போய்விடும், உறங்கிய மொட்டுகள் விழித்துக்கொள்ளும். ஒரு கிளை இருந்த இடத்தில் நாலைந்து கிளம்பும். எதிரியின் அரிவாள் பட்ட இடமெல்லாம் அடுத்த மழைக்கு முன்னைவிட அடர்த்தியாகிவிடும். கல்மதிலுக்கு இந்த வித்தை வராது.

1801-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் அக்னியூ இதை அனுபவித்தார். மருது சகோதரர்களின் காளையார்கோயிலை அடர்ந்த காடு சூழ்ந்திருந்தது. சிறுவயலிலிருந்து அதை வெட்டி வழி அமைக்கக் கம்பெனிப் படை இறங்கியது. பீரங்கிக் குண்டு கல்லை உடைக்கும். வளைந்து கொடுக்கும் புதரை என்ன செய்யும்? ஏறத்தாழ ஒரு மாதம் வெட்டியும் போய்ச்சேர முடியாமல் அந்த முயற்சியைக் கைவிட்டார்கள். கடைசியில் வேறு வழிகளில் நுழைந்துதான் அக்டோபர் 1-ம் தேதி காளையார்கோயிலைப் பிடித்தார்கள்.

பிரெஞ்சுக்காரர்களும் இந்த உத்தியை அதற்கு முன்பே கற்றுக்கொண்டிருந்தார்கள். புதுச்சேரிக்கு வெளியே அவர்கள் வளர்த்த முள்வேலியில் நம்மூர் முட்புதர்களோடு அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த சப்பாத்திக்கள்ளியும் இருந்தது. 1760 செப்டம்பரில் ஆங்கிலேயப் படை அந்த வேலியைக் கைப்பற்றியது. சில மாதங்களில், 1761 ஜனவரியில், நகரம் விழுந்தது.

சப்பாத்திக்கள்ளி ஒரு படி மேலே போகும். வெட்டிப் போட்ட மடலே வேர்விட்டுப் புதுச்செடி ஆகிவிடும். பின்னாளில் வேலியும் கோட்டையும் போன பிறகும் தமிழகத்து வயல்களையும் மேய்ச்சல் நிலங்களையும் அது விழுங்கிக்கொண்டிருந்தது. அதை வீழ்த்தியது சில மில்லிமீட்டர் நீளப் பூச்சி ஒன்று. வெள்ளைப் பஞ்சு போர்த்தி மடலில் ஒட்டிக்கிடந்து சாறு உறிஞ்சும். நசுக்கினால் விரல் சிவக்கும். 1926-ல் இலங்கையிலிருந்து அதைத் தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். சில ஆண்டுகளுக்குள் கள்ளிக்காடுகள் பெருமளவு கருகி விழுந்தன. பெண் பூச்சிக்குச் சிறகு கிடையாது. பூச்சி பிடித்த மடல்களைக் கொண்டுபோய்ப் புதர்களில் போடுவதே மனிதர்கள் செய்த வேலை. அங்கிருந்து குஞ்சுகளை அடுத்த புதருக்குக் காற்று தூக்கிப்போனது.