பெட்டி மேல பேரைப் போடுங்க... பீர் அட்டையில் கையெழுத்துப் போட்ட 13 பேர்!

நாவல் அட்டையில் எழுத்தாளர் பெயர் இருக்கும். சினிமா போஸ்டரில் இயக்குநர் பெயர் இருக்கும். வீட்டுப் பரணில் கிடக்கும் லூடோ பெட்டியையோ மோனோபோலி பெட்டியையோ ஒருமுறை இறக்கிப் பாருங்கள். அந்த விளையாட்டை யோசித்தவர் பெயர் எங்காவது தென்படுகிறதா?

இந்தக் கேள்விதான் 1988-ல் ஜெர்மனியில் வெடித்தது. நூரம்பெர்க் நகரில் நடந்த பொம்மைக் கண்காட்சிக்கு வந்திருந்த போர்டு கேம் டிசைனர்கள் 13 பேர், பீர் கிளாஸுக்கு அடியில் வைப்பார்களே ஓர் அட்டை, அதில் ஒரே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். பெட்டியின் மேல்பக்கத்தில் பெயர் போடாத நிறுவனத்துக்கு எங்களில் யாரும் கேம் தர மாட்டோம் என்பதுதான் அதன் சாரம். 'ட்விக்ஸ்ட்' விளையாட்டை உருவாக்கிய அலெக்ஸ் ரண்டால்ஃப், கோட்டிங்கன் ஊரைச் சேர்ந்த ரைன்ஹோல்ட் விட்டிக் ஆகியோர் அதில் முக்கியமானவர்கள்.

அவர்கள் சண்டை போட்டது காசுக்காக அல்ல, பெயருக்காக. 'இதற்கெல்லாமா போராட்டம்' என்று தோன்றினால், மோனோபோலியின் கதையைக் கேட்க வேண்டும்.

ஒரு எழுத்துப் பிழை சொன்ன உண்மை

அமெரிக்காவில் ஸ்டெனோகிராஃபராக வேலை பார்த்தவர் எலிசபெத் மேகி. நிலத்தை வளைத்துப் போட்டவர்கள் வாடகையிலேயே கொழுப்பதைச் சாதாரண மக்களுக்குப் புரியவைக்க, 'லேண்ட்லார்ட்ஸ் கேம்' என்றொரு விளையாட்டை உருவாக்கினார். 1904 ஜனவரியில் காப்புரிமையும் வாங்கினார். கட்டத்தைச் சுற்றி வருவது, நிலம் வாங்குவது, வாடகை வசூலிப்பது, ஜெயிலுக்குப் போவது... எல்லாம் அதிலேயே உண்டு.

பிடித்துப்போனவர்கள் துணியிலும் பலகையிலும் கையாலேயே வரைந்து விளையாடினார்கள். தங்கள் ஊர்த் தெருப் பெயர்களை எழுதிக்கொண்டார்கள், விதிகளை மாற்றினார்கள், அடுத்தவருக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். அட்லான்டிக் சிட்டியில் இருந்த குவேக்கர் குழுவினர் தங்கள் ஊர்த் தெருக்களைப் போட்டு ஆடிய வடிவம், நண்பர்கள் வழியாக சார்லஸ் டாரோ என்பவரிடம் வந்து சேர்ந்தது. அவர் அதைத் தன் கண்டுபிடிப்பாகச் சொல்லி விற்க, 1935-ல் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் வாங்கியது. டாரோ ராயல்ட்டியிலேயே கோடீஸ்வரர் ஆனார். மேகியின் காப்புரிமையையும் அதே நிறுவனம் வாங்கியது. அவருக்குக் கிடைத்தது 500 டாலர். ராயல்ட்டி கிடையாது.

இதில் ஒரு சுவாரஸ்யம் உண்டு. அட்லான்டிக் சிட்டிக்குப் பக்கத்தில் 'மார்வென் கார்டன்ஸ்' என்று ஒரு பகுதி இருக்கிறது. டாரோவுக்கு இந்த விளையாட்டைக் காட்டிய நண்பர் தன் பலகையில் அதை 'மார்வின்' என்று தவறாக எழுதியிருந்தார். டாரோவின் பலகையிலும் 'மார்வின்'! பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதினால் அவன் தப்பும் சேர்ந்தே வரும் அல்லவா, அதே கதைதான்.

மேகி 1948-ல் இறந்தார். 1970-களில் 'ஆன்டி மோனோபோலி' என்ற விளையாட்டை வெளியிட்டு, வழக்கில் சிக்கிய பொருளாதாரப் பேராசிரியர் ரால்ஃப் ஆன்ஸ்பேக் பழைய ஆவணங்களைத் தோண்டியபோதுதான் அவர் பெயர் திரும்ப வெளிச்சத்துக்கு வந்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

மேகியின் காலத்தை விடுங்கள். இன்றைக்காவது சட்டம் கைகொடுக்குமா என்றால், பாதிதான்.

விளையாட்டின் அட்டையில் வரைந்த படம், விதிப் புத்தகத்தில் எழுதிய வாசகம் இரண்டுக்கும் பதிப்புரிமை உண்டு. 'சீட்டை மாற்றிக்கொள்', 'மூன்று சேர்ந்தால் பாயின்ட்' என்கிற ஐடியாவுக்கு இல்லை. இந்தியாவில் காப்புரிமையும் எடுக்க முடியாது. நம் காப்புரிமைச் சட்டத்தின் 3(எம்) பிரிவு, விளையாட்டை ஆடும் முறை என்பது கண்டுபிடிப்பே அல்ல என்று நேரடியாகச் சொல்லிவிடுகிறது.

2002-ல் வந்த இத்தாலியச் சீட்டு விளையாட்டு 'பேங்!'. ஷெரீஃப், கொள்ளைக்காரன் என்று கௌபாய் கதை. பின்னர் அதே ஆட்டமுறையில், பழங்காலச் சீன வீரர்களை வைத்து இன்னொரு விளையாட்டு வந்தது. வழக்கு அமெரிக்காவின் டெக்சாஸ் நீதிமன்றத்துக்குப் போனது. ஆட்டமுறை ஒன்றாக இருந்தாலும் அதற்குப் பதிப்புரிமைப் பாதுகாப்பு இல்லை என்று 2016-ல் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கேட்பதற்கு அநியாயம் போலத் தெரியும். ஆனால், தாயக்கட்டை உருட்டிக் காயை நகர்த்துவதற்கு யாரோ ஒருவர் என்றைக்கோ உரிமை வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நம் நாட்டுப் பச்சிஸியிலிருந்து பிறந்த லூடோவுக்கே இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கியிருக்கிறார்கள் என்பதையும் நினைத்துப் பார்க்கலாம்.

அப்புறம் எப்படி தைரியமாகக் காட்டுகிறார்கள்?

இங்கேதான் ஆச்சர்யம். பூட்டிவைக்கவே முடியாத பொருளை, போர்டு கேம் டிசைனர்கள் கூப்பிட்டுக் காட்டுகிறார்கள்.

விட்டிக்கின் முயற்சியில் 1980-களின் தொடக்கத்தில் கோட்டிங்கனில் ஆரம்பித்த டிசைனர்கள் சந்திப்பு அதற்கு நல்ல உதாரணம். ஆளுக்கொரு மேஜை. மேலே இன்னும் வெளிவராத விளையாட்டு. கையால் வெட்டிய அட்டை, பழைய சீட்டின் மேல் ஒட்டிய துண்டுக் காகிதம், வேறு விளையாட்டிலிருந்து இரவல் வாங்கிய காய்கள். பக்கத்து மேஜைக்காரர் வந்து உட்கார்ந்து ஆடுவார். 'இரண்டாவது சுற்றிலேயே யார் ஜெயிப்பார்னு தெரிஞ்சுடுதே' என்று முகத்துக்கு நேராகச் சொல்வார். நிறுவனங்களின் ஆசிரியர் குழுவினரும் மேஜை மேஜையாகச் சுற்றி வருவார்கள்.

நியூயார்க்கின் சிட் சாக்சன் இதில் முன்னோடி. பிழைப்புக்கு இன்ஜினீயர். 'அக்வயர்' என்ற புகழ்பெற்ற விளையாட்டை உருவாக்கியவர். 1969-ல் அவர் வெளியிட்ட 'எ கேமட் ஆஃப் கேம்ஸ்' புத்தகத்தில் தன் விளையாட்டுகளோடு நண்பர்களின் விளையாட்டுகளையும் முழு விதிகளோடு, அவரவர் பெயர் போட்டுச் சேர்த்தார். க்ளாட் சூசி உருவாக்கிய 'லைன்ஸ் ஆஃப் ஆக்‌ஷன்' வெளியுலகுக்குத் தெரிந்தது அப்படித்தான்.

திருடிவிட மாட்டார்களா? இந்தத் தொழிலில் ஐடியா மலிவு, உழைப்புதான் விலை. கேட்டான் விளையாட்டைத் தந்த கிளாஸ் டாய்பர், பல் செட் செய்யும் டெக்னீஷியன். வீட்டு அடித்தளத்தில் உட்கார்ந்து செய்ததை மாடிக்குக் கொண்டுவந்து மனைவி, பிள்ளைகளிடம் ஆடிக் காட்டுவார். அவர்கள் கொட்டாவி விட்டால் திரும்பக் கீழே! இப்படிச் சில வருடங்கள் இழுத்து, 1995-ல் வெளியானதும் ஜெர்மனியின் 'ஆண்டின் சிறந்த விளையாட்டு' விருதை வாங்கியது. அதன் பிறகும் அவர் சில வருடங்கள் பல் செட் வேலையை விடவில்லை. ராயல்ட்டி பெரும்பாலும் ஒற்றை இலக்கச் சதவீதம்தான், எல்லோருக்கும் கேட்டான் அமைவதில்லை.

எலிசபெத் ஹார்கிரேவ் விஷயமும் அப்படியே. கோட்டை, விண்வெளி என்று வந்த விளையாட்டுகளைப் பார்த்துச் சலித்தவர், தனக்குப் பிடித்த பறவைகளை வைத்து யோசித்தார். உணவு, கூடு, இறக்கை அளவு என்று எல்லாவற்றையும் ஒரு பெரிய எக்ஸல் ஷீட்டில் ஏற்றினார். 2019-ல் வந்த 'விங்ஸ்பேன்' 170 பறவைச் சீட்டுகளோடு, அந்த வருடமே ஜெர்மனியின் பெரிய விருதுகளில் ஒன்றை வென்றது. ஐடியாவை ஒரு வரியில் யாரும் சுட்டுவிடலாம். 170 பறவைகளும் ஒன்றையொன்று விழுங்கிவிடாமல் சமன் செய்வதைச் சுட முடியாது.

கூடவே இன்னொரு காவலும் உண்டு. முழுக்க எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்த சின்ன உலகம் இது. நாலு பேர் மேஜையில் உட்கார்ந்து ஆடிய விளையாட்டை இன்னொருவர் தன் பெயரில் வெளியிட்டால், முதலில் சிரிப்பது அந்த நாலு பேர்தான். பெட்டியில் பெயர் அச்சாக ஆரம்பித்த பிறகு இந்தக் காவல் இன்னும் பலமானது. 1991-ல் டிசைனர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கமே ஆரம்பித்தார்கள். ஜெர்மன் மொழியில் அதன் பெயரில் இருக்கும் சொல்லுக்கு 'விளையாட்டு ஆசிரியர்' என்று அர்த்தம். நாவலுக்கு ஆசிரியர் இருப்பதுபோல!

உங்களுக்கும் ஒரு விளையாட்டு மனதில் ஓடிக்கொண்டிருக்கிறதா? பழைய கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கம் போதும், சீட்டு வெட்டிவிடலாம். பென்சிலில் எழுதுங்கள், நிறைய அழிக்க வேண்டியிருக்கும். தேதி போட்டு ஒரு நோட்டில் மாற்றங்களைக் குறித்து வையுங்கள். முதலில் வீட்டில் ஆடுங்கள். பிறகு விதிகளை ஒரு தாளில் எழுதி, உங்களை நன்றாகத் தெரியாத நாலு பேரிடம் கொடுங்கள். அவர்கள் ஆடி முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசக் கூடாது. 'அப்படி இல்லீங்க, அந்தச் சீட்டை இங்க வைக்கணும்' என்று எங்கே வாய் துறுதுறுக்கிறதோ, விதியில் திருத்த வேண்டிய இடம் அதுதான்.