வாப்பாவின் பெயரைத் தேடி

"எங்கட உம்மம்மாவின் உம்மம்மா, எடுத்து வளர்த்த பிள்ளையாம்."

வீட்டில் மூத்தவர்கள் பேசிக்கொண்டிருக்கையில் இப்படியொரு வார்த்தை நம் காதில் விழுவதுண்டு. யார் பெற்றார்கள், எந்த ஊர் என்று கேட்டால், "அதெல்லாம் யாருக்குப் புள்ள தெரியும்?" என்று பேச்சு முடிந்துவிடும். உண்மையில் அங்கிருந்துதான் தேடல் தொடங்க வேண்டும்.

விக்டோரியா மகாராணியின் காலம் 1837 முதல் 1901 வரை. அக்காலத்தில் பிள்ளையைத் தத்தெடுப்பது வாய்ப் பேச்சோடு முடிந்த காரியம். இலங்கையில் பிள்ளைகளைச் சுவீகாரம் எடுப்பதற்கான கட்டளைச் சட்டம் 1941இல்தான் வந்தது. இங்கிலாந்திலேயே அத்தகைய சட்டம் 1926இல்தான் பிறந்தது. நம் நாட்டில் பிறப்பு, இறப்புப் பதிவு 1867ஆம் ஆண்டுச் சட்டத்தோடு தொடங்கினாலும், அது கட்டாயமானது 1897இல்தான். ஆகவே 1880களில் மன்னாரில் வளர்ப்புப் பிள்ளையாகப் போன ஒரு சிறுமிக்குத் தத்துப் பத்திரம் என்ற ஒன்று இருந்திருக்க முடியாது. அதைத் தேடி நாட்களை வீணாக்க வேண்டாம்.

அப்படியானால் எதைத் தேடுவது? இவ்விடத்தில் நமது மார்க்கமே ஒரு வழியைக் காட்டுகிறது.

ஸைத் இப்னு ஹாரிஸா (ரழி) அவர்களின் வரலாறு நாம் அறிந்ததே. சிறுவயதில் பிடிக்கப்பட்டு விற்கப்பட்ட அவர், நபி (ஸல்) அவர்களின் வீட்டில் வளர்ந்தார். மகனைத் தேடி ஹாரிஸா மக்காவுக்கே வந்து சேர்ந்தார். ஸைதோ, வளர்த்தவரைப் பிரிய மனமில்லாமல் அங்கேயே தங்கினார். ஸைத் இப்னு முஹம்மத் என்றே மக்கள் அவரை அழைத்து வந்தார்கள். பின்னர் அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் 5ஆம் வசனம் இறங்கியதும் அவர் மீண்டும் ஹாரிஸாவின் மகன் என அழைக்கப்பட்டார். வளர்ப்பது பெரும் நன்மை. ஆனால் பிள்ளையின் பிறப்பு வழியை மறைக்கக் கூடாது என்பதே அதன் பாடம்.

இந்தப் பாடம் முஸ்லிம் குடும்பங்களில் நான்கு தடயங்களை விட்டுச் செல்கிறது.

முதலாவது, பெயர். வளர்த்தவரின் பெயருக்குப் பதிலாக வேறொருவரின் பெயர் தந்தை பெயராக இருந்தால், அதுவே சொந்த வாப்பாவின் பெயராகலாம். ஆனால் 'அப்துல்லாஹ்' என்றிருந்தால் அவசரப்பட வேண்டாம். தந்தை யாரென்று தெரியாதவர்களுக்கும் புதிதாக இஸ்லாத்தைத் தழுவியவர்களுக்கும் அப்பெயரை இடும் வழக்கம் பல முஸ்லிம் சமூகங்களில் உண்டு.

இரண்டாவது, நிக்காஹ். வளர்ப்புத் தந்தை என்ற உறவு மட்டும் ஒருவரை மணப்பெண்ணுக்கு வலியாக்காது. இரத்த உறவினரே அதற்கு உரியவர். எவரும் இல்லாவிட்டால் காதியார் நிற்பார். முஸ்லிம் விவாகப் பதிவுக்கான சட்டம் 1886இல் வந்தது. பழைய காவின் எழுத்தோ பதிவோ கிடைத்தால், வலியாக நின்றவர் யார் என்பதை முதலில் பாருங்கள். சிறிய தகப்பனோ, மூத்த சகோதரனோ அங்கே ஒளிந்திருக்கலாம்.

மூன்றாவது, பால்குடி உறவு. "அந்த வீட்டாரோடு நமக்குச் சம்பந்தம் கூடாது, பால் உறவு" என்ற பேச்சு குடும்பத்தில் இருந்ததா என்று மூத்த பெண்களிடம் கேளுங்கள். பிள்ளை எந்த வயதில், யார் கைக்கு வந்தது என்பதை அது காட்டிவிடும்.

நான்காவது, காணி உறுதி. வளர்ப்புப் பிள்ளைக்கு வாரிசுப் பங்கு இல்லை. வஸிய்யத்தும் மூன்றில் ஒன்றுக்குள்தான். அதனால் பாசமுள்ளவர்கள் உயிரோடிருக்கும்போதே நன்கொடையாக எழுதிக் கொடுப்பதுண்டு. அத்தகைய உறுதியில் 'வளர்ப்பு மகள்' என்ற சொல்லோடு பெற்றவரின் பெயரும் இருக்கக்கூடும்.

தேடும் எல்லையையும் தீவுக்குள் சுருக்கிவிடக் கூடாது. அந்நாளில் தென்னிந்தியத் தொழிலாளர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்து தோட்டங்களுக்குப் போனார்கள். வாந்திபேதியால் வழியிலேயே மாண்டோர் ஏராளம். சிலாவத்துறையிலும் மறிச்சுக்கட்டியிலும் முத்துக்குளிப்பு நடந்த வாரங்களில் கீழக்கரை முதல் பாரசீக வளைகுடா வரையிலிருந்து ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். பெற்றோர் முஸ்லிம்களாக இல்லாதிருக்கவும் கூடும். எனவே கத்தோலிக்க ஆலயங்களின் ஞானஸ்நானப் பதிவேடுகளும் நமக்கு அயலானவை அல்ல. அக்கால அதிகாரிகளின் நாட்குறிப்புகள் கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் உள்ளன. அவற்றில் நம் பிள்ளையின் பெயர் இல்லாவிட்டாலும், எந்த ஆண்டில் எங்கே நோய் பரவியது, எப்போது முத்துக்குளிப்பு நடந்தது என்பன தெரியவரும்.

நமக்கு இன்னொரு இழப்பும் உண்டு. 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, கையில் எடுத்தது கொஞ்சம், விட்டு வந்தது அதிகம். பெட்டகத்தில் இருந்த உறுதிகளும் காவின் ஏடுகளும் அவ்வாறு போயின. ஆயினும் வீட்டுப் பிரதி போனால் எல்லாம் போயிற்று என்பதில்லை. பதிவாளர் நாயகம் திணைக்களத்திலும் காணிப் பதிவகத்திலும் கேட்டுப் பாருங்கள். புத்தளத்திலும் கற்பிட்டியிலும் குடியேறிய உறவினர்களின் நினைவும் ஓர் ஆவணமே.

மரபணுப் பரிசோதனை கடைசிப் படியாக இருக்கட்டும். உம்மம்மாவின் உம்மம்மாவைப் பெற்ற ஒவ்வொருவரது மரபணுவிலும் சராசரியாக உங்களிடம் இருப்பது சுமார் 3 வீதம். உங்கள் உம்மம்மாவிடமோ 12.5 வீதம். ஆகவே பரிசோதிப்பதானால் மூத்தவரையே, அவரது சம்மதத்தோடு, பரிசோதிக்க வேண்டும். மச்சான் மச்சாள் திருமணம் பல தலைமுறையாக நடந்த ஊர்களில், தூரத்து உறவும் நெருங்கிய உறவுபோலத் தெரியும் என்பதையும் மறக்கக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, தேடலுக்கு ஓர் ஒழுக்கம் வேண்டும். ஒரு குடும்பம் மூடி வைத்த துயரத்தை ஊர் வாய்க்குத் தீனியாக்கக் கூடாது. வளர்த்தவர்களின் பாசத்தையும் அது குறைத்துவிடக் கூடாது. பெற்றவர்களின் பெயர் கிடைத்தால், துஆவில் சேர்க்க இன்னும் இரண்டு பெயர்கள் கிடைத்ததாகவே எண்ணுவோம்.

கிடைக்காவிட்டால்? இழைமணியில் உள்ள மரபணு தாயிடமிருந்து பிள்ளைக்கே போகிறது. தலைமுறை பல கடந்தும் பெரிதாக மாறுவதில்லை. உம்மா, உம்மம்மா, அவருடைய உம்மா என்று பெண் வழியாகவே பின்னோக்கிப் போனால், பெயர் தெரியாத அந்தத் தாய் தன் குழந்தைக்குக் கொடுத்தது இன்று உங்கள் உடம்பிலும் இருக்கிறது.

இன்று அஸருக்குப் பின் உங்கள் உம்மம்மாவின் பக்கத்தில் ஒரு கொப்பியோடு உட்காருங்கள். கேட்க நினைத்ததை இன்றே கேளுங்கள்.